இடப் பாதியில் எத்தனை காய்

கானாடுகாத்தான்
12-9-2024

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்:

நிகழும் ஆவணி மாதம் இருபத்தேழாம் நாள் வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, சமையல் மாஸ்டர் சோணை அவர்களின் வீட்டுக் கொல்லையில், இடப் பாதியில், மூன்றாவது குழியில், ஒரு பரங்கி விதை மண்ணை விலக்கித் தலையை வெளியே நீட்டியது. தாயும் சேயும் நலம். தாய் என்பது குழி. மேற்படி நிகழ்ச்சியில் அடியேன் பாண்டியராஜன், பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவு, வாயில் பற்பசை நுரையுடன் நேரில் கலந்துகொண்டேன்.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நானும் கொல்லையும் சுகம். நீ சுகமா? சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா? போனும் கிடையாது, பேச்சும் கிடையாது, எழுதினால் கடிதம்தான் என்று வைத்திருக்கும் டாக்டர் பரிட்சைப் பயிற்சி விடுதி இந்தக் காலத்திலும் இருக்கிறது என்று என் வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. தபால் தலை எங்கே ஒட்டுவது என்று தபால்காரரிடமே கேட்டுத்தான் ஒட்டினேன். எங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு உன்னிடம் தரும் வார்டன் மீனலோசனி மேடத்துக்கு என் வணக்கம். மேடம், அடுத்த பக்கத்திலும் ரகசியம் ஒன்றுமில்லை, பரங்கிக்காய்தான்.

பந்தயத்தை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் பேர் பந்திக்கு எத்தனை படி உப்பு என்பதை மறக்காத அப்பா, வீட்டில் சொன்னதை மட்டும் மறந்துவிடுவார். நீ பெட்டியோடு கிளம்பிய அன்று அவர் சொன்னது இது: "இந்தா பாரு சத்யா. நீ சொல்ற காளான் தூளு போட்ட பாதி, போடாத பாதியக் காட்டியும் ஒண்ணரை மடங்கு எடை காய்க்கட்டும். பொங்கலுக்கு நானே தராசுல போட்டுப் பாக்குறேன். காய்ச்சுருச்சுன்னா டாக்டர் படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துரு, நீ கேட்ட விவசாயப் படிப்பே படி. காய்க்கலைன்னா மே மாசம் பரிட்சை முடியிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

நீ எழுதி வைத்துவிட்டுப் போனபடியே செய்திருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு குழி. எல்லாவற்றிலும் ஒரே அளவு சாணி எரு. இடப் பாதி ஆறு குழியில் மட்டும், விதைக்குக் கீழே ஒரு கைப்பிடி வேர் உட்பூசணம், அப்பா பாஷையில் காளான் தூள். நொறுங்கின அப்பளத் தூள் மாதிரி இருக்கிறது, இதற்குள் உயிர் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பூசணிக்குப் பூசணம் போட்டிருந்தால் பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து. நாம் பரங்கிக்குப் போட்டிருக்கிறோம். கலப்புத் திருமணம்.

நம் ஊர்ப் பக்கமே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

இப்படிக்கு,
இடப் பாதியின் ரசிகர் மன்றத் தலைவன்
பாண்டி


விடுதி
22-9-2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே தபாலை ஞாயிற்றுக்கிழமைதான் கையில் தருவார்கள். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மீனலோசனி மேடம் எல்லார் முன்னாலும், "தாயும் சேயும் நலமா?" என்று கேட்டார். அறையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையைத் துடைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

இனி நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். ஒரு நோட்டுப் போடு. குழிக்கு ஒரு பக்கம். வாரம் ஒரு தடவை கொடியின் நீளம், இலை, பெண் பூ, காய், நான்கையும் எண்ணி எழுது. பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருந்தால் அது பெண் பூ. நமக்கு வேண்டியது எண்ணிக்கை. 'அமோகம்' என்பது ஓர் எண் அல்ல. அப்பாவிடம் வாயால் ஜெயிக்க முடியாது, உனக்கே தெரியும்.

உன் அப்பளத் தூளில் உயிர் இருக்கிறது. அது வேருக்குள்ளே குடியேறி, நூல் நூலாக மண்ணுக்குள் போய், வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தும் தண்ணீரும் எடுத்துவந்து கொடுக்கும். கொடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். போன வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு நான் தொட்டியில் வளர்த்தபோது பார்த்திருக்கிறேன். அதனால்தான் அப்பாவிடம் அவ்வளவு தைரியமாகப் பந்தயம் கட்டினேன்.

எனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஜன்னல். பக்கத்துக் கட்டில் காளீஸ்வரி, தருமபுரிப் பெண், தூக்கத்தில் தனிம அட்டவணை சொல்கிறாள். போன வாரம் தங்கத்தைத் தாண்டிவிட்டாள்.

அப்பா ஊரில் இல்லாத நாளில் கடையில் வாங்கித் தின்னாதே. சோறு வடி.

அன்புடன்,
சத்தியப்பிரியா


கானாடுகாத்தான்
1-10-2024

உயர்திரு அக்கா சமூகத்துக்கு,

நலம். நலமறியும் ஆவல் எனக்கும், காளீஸ்வரி அக்கா இப்போது எந்தத் தனிமத்தில் இருக்கிறார் என்றறியும் ஆவல் கூடுதலாகவும் இருக்கிறது.

நம் கொல்லை இப்போது சுற்றுலாத் தலம் ஆகிவிட்டது. நேற்று, பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அதில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி வேலிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்கள். பரங்கியைப் பரங்கியர் பார்த்த காட்சி. எதிர்வீட்டு மலையம்மாள் அக்கா தினம் வந்து எட்டிப் பார்க்கிறார். என் வகுப்புப் பையன்கள் குழுக் குழுவாக வருகிறார்கள். வரிசையில் வரச் சொல்லியிருக்கிறேன்.

புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கு மாதம் ஏது? அப்பா சென்னைக்குப் போய் ஆறு நாள் ஆகிறது. சோறு நானே வடித்தேன், நானே பரிமாறினேன், நானே உட்கார்ந்தேன், நானே "மாஸ்டர், ரசம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஒரே பந்தியில் வேலை முடிந்துவிடுகிறது. இலை எடுக்க ஆள் வேண்டாம்.

நோட்டுப் போட்டுவிட்டேன். கொடி நீளத்தில் இரண்டு பாதியும் இப்போதைக்குச் சமம். அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கின்றன. ஒரு சிறு சந்தேகம் மட்டும். உள்ளே குடிவந்த உன் விருந்தாளி எப்போது வேலையை ஆரம்பிப்பார்? இத்தனாம் நாள் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் உடனே எழுது.

பணிவுள்ள,
கொல்லைக் கண்காணிப்பாளர்


விடுதி
6-10-2024

அன்புள்ள பாண்டிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ சோறு வடித்தது சந்தோஷம். அப்பா வந்துவிட்டாரா?

உன் சந்தேகத்துக்குப் பதில் முதலில். ஒன்றும் செய்யாதே. நாற்பது நாள் வரைக்கும் வித்தியாசம் எதுவும் தெரியாது. பூசணம் முதலில் வாங்கித்தான் சாப்பிடும், பிறகுதான் கொடுக்கும். அதனால் இடப் பாதி கொஞ்சம் குட்டையாகக்கூட நிற்கலாம். பயப்படாதே. மழை விட்டு மண் காயும்போதுதான் அதன் கைவரிசையைப் பார்ப்பாய்.

இன்னொன்று, இது முக்கியம். டிஏபி மாதிரி மூட்டை உரம் எதையும் கிட்டே கொண்டுபோகாதே. மணிச்சத்து சும்மா கிடைத்துவிட்டால் வேர் பூசணத்தை உள்ளே விடாது. அதற்கப்புறம் இடப் பாதி என்ன, வலப் பாதி என்ன? எதை எதோடு ஒப்பிடுவது?

உனக்கு எப்படியோ, எனக்கு அந்த ஆறு குழியை விட்டால் வேறு வழி தெரியவில்லை. முதல் மாதத் தேர்வு நாளை. மதிப்பெண்ணைக் கேட்காதே.

அன்புடன்,
சத்யா

(கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்: தேர்வு வாரத்தில் தபால் அனுப்புவதில்லை. 15-10 அன்று அஞ்சலில் சேர்த்தேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். மீனலோசனி, வார்டன்.)


கானாடுகாத்தான்
20-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மேடத்துக்கும் நலம் சொல்லவும். ஆறாம் தேதிக் கடிதம் நேற்று, பத்தொன்பதாம் தேதி வந்தது. படித்தேன். விவரமான கடிதம்.

இப்போது நற்செய்தி. உன் கணக்கு நாற்பது நாள், ஆனால் உன் விருந்தாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இடப் பாதி கிளம்பிவிட்டது. கிளம்பியதென்றால் அப்படி இப்படி இல்லை. இலை ஒவ்வொன்றும் யானைக் காது. பச்சை என்றால் கண் கூசுகிற பச்சை. ஒரு இலையைப் பறித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் கடைக்குப் போய்வந்தேன், சட்டை நனையவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஏகப்பன் மாமா வேலி மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, இங்குட்டு மட்டும் காடா மண்டிக் கெடக்கு?" என்று கேட்டார். விஞ்ஞானம் மாமா என்றேன். அவர் வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விஞ்ஞானத்தின் முன் ஊரே வாயடைத்து நிற்கிறது.

நீ சொல்லிக்கொடுத்தபடி வேரில் ஒரு துண்டு எடுத்து, பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் வேகவைத்து, நீல மையும் வினிகரும் சேர்த்து ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்கொள்ளாக் காட்சி. வேருக்குள் நீல இடியாப்பம். படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விஞ்ஞானி (தற்காலிகம்)


விடுதி
3-11-2024

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

படம் பார்த்தேன். 'அ', 'ஆ', 'இ' என்று பாகங்களைக் குறித்து அம்புக்குறி போட்டிருக்கிறாய். வேரில் அம்புக்குறி இருக்காது. இது என் தாவரவியல் புத்தகத்துப் படம், 'ஆ'வுக்குப் பக்கத்தில் நான் சிந்திய காப்பிக் கறையைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். கோபப்பட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சிரித்துவிட்டேன். இங்கே வந்து சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை, காளீஸ்வரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். போகட்டும். வேரைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, எண்ணிக்கை போதும். எழுது.

தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு அதிரசம் கொடுத்தார்கள். அன்றைக்கும் மதியத்துக்கு மேல் வகுப்பு இருந்தது. தீபாவளிக்கு அப்பா வீட்டில் இருந்தாரா? நீ எங்கே சாப்பிட்டாய்?

பொங்கலுக்கு இன்னும் எழுபத்திரண்டு நாள். நான் எண்ணுகிறேன். நீயும் எண்ணு, உன் பக்கத்து வேலையை.

சத்யா


கானாடுகாத்தான்
14-11-2024

அன்பும் பண்பும் காப்பிக் கறையும் நிறைந்த அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியதால் கூடுதல் நலம் என்று கொள்ளவும்.

தீபாவளி பிரமாதம். பரங்கிக் கொடியைப் பார்க்கவே அன்றைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். அப்பா வீட்டில் இருந்தாரா என்று கேட்டிருந்தாய். இந்த வருடம் மழை நல்ல மழை.

இடப் பாதி பூத்துவிட்டது. மஞ்சள் என்றால் மஞ்சள், ஊர்த் திருவிழாவுக்குக் காகிதத் தோரணம் கட்டினது போல. நூறு பூவுக்குக் குறையாது. எல்லாம் நீளக் காம்பில் ஒய்யாரமாக நிற்கின்றன. பெரும்பாலும் ஆண் பூ. சரியாகச் சொன்னால் ஆண்கள் விடுதி. பெண் பூக்கள் வெட்கப்பட்டு உள்ளே இருக்கும், வரும்.

காய் எண்ணிக்கை கேட்டிருந்தாய். பிஞ்சை விரல் நீட்டி எண்ணினால் அழுகிவிடும் என்று மலையம்மாள் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று நீதான் சொல்வாய். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
கை கட்டிய தம்பி


விடுதி
1-12-2024

அன்புள்ள பாண்டிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, நான்கு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம். நீ நலமா?

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். இலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பூவைப் பற்றி அரைப் பக்கம். காயைக் கேட்டால் மலையம்மாள் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறாய். விரல் நீட்டாமல் கண்ணால் எண்ணலாம். இடப் பாதியில் எத்தனை காய், வலப் பாதியில் எத்தனை காய். இரண்டே எண்.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஜனவரி தொடங்கினால் பெயர்ப் பட்டியல் புதிதாகப் போடுவார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். நான் சொல்லலாமா, வேண்டாமா?

சத்யா

(ஓரத்தில் பென்சிலில்: தம்பி, எங்கள் வீட்டிலும் பரங்கி போடுவோம். காய் எத்தனை? மீ.)


கானாடுகாத்தான்
9-12-2024
(அஞ்சலட்டை)

அக்காவுக்கும் மேடத்துக்கும் வணக்கம். காய்ச்சல் விட்டதா? காய் அமோகம். மழை வருகிறது, கொடியைப் பார்க்கப் போகிறேன். பாண்டி.


விடுதி
22-12-2024

பாண்டி,

நலம். அமோகம் என்பது ஓர் எண் அல்ல என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். உன் அட்டைக்கு அப்புறம் இந்த ஞாயிறு தபாலே இல்லை.

அமோகம் என்றாயே, அதை நம்பித்தான் மேடத்திடம் பெயர் கொடுத்துவிட்டேன். என் பக்கெட்டைக் காளீஸ்வரிக்குக் கொடுத்துவிட்டேன், அவளுடையது ஓட்டை. புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்துப் பிரித்துப் படிக்கிறேன், அது வேறு விஷயம்.

எழுது.

சத்யா


கானாடுகாத்தான்
3-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், காய்ச்சல் முழுசாக விட்டதா?

முதலில் எண்கள்.

இடப் பாதி, பூசணம் போட்டது: நான்கு காய், பதினொன்றரைக் கிலோ.
வலப் பாதி, பூசணம் போடாதது: பதிமூன்று காய், முப்பத்தெட்டுக் கிலோ.

மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மார்கழியில் கல்யாணம் இல்லாததால் அப்பா பதினெட்டு நாளாக வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு வாரம் அவரைக் கொல்லைப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். பாம்பு இருக்கிறது என்றேன், சேறு என்றேன், பூசணத்துக்கு ஆள் வாடை ஆகாது என்றுகூடச் சொன்னேன். நேற்று அவர் பொங்கலுக்குக் காத்திருக்காமல் தராசைக் கொண்டுவந்து வேப்பங்கிளையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு காயாக அவர் எடை சொன்னார், நான் நோட்டில் எழுதினேன். இலைக் காட்டுக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி இடப் பாதியில் நான்குதான் கிடைத்தது. ஐந்தாவது இருக்கும் என்று அவர் இன்னொரு சுற்றுத் தேடினார்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தராசைக் கழற்றிக்கொண்டே, "நெசமாவே புள்ள ஜெயிச்சுருவான்னுதேன்டா நெனச்சேன்" என்றார். மே மாசம் என்றோ பரிட்சை என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

"அப்பா, இங்குட்டு நான் டிஏபி போட்டேன்."

"எப்ப?"

"பெரட்டாசி கடசில."

"எம்புட்டு?"

"ஒரு கிலோ. ஆறு குழிக்கும்."

"யார்ரா குடுத்தது?"

"ஏகப்பன் மாமாட்ட வாங்குனேன். தென்னங்கண்ணுக்குன்னு சொன்னேன்."

"நம்ம வீட்ல ஏதுடா தென்னங்கண்ணு?"

"அதேதான் அவுகளும் கேட்டாக. வாங்கப் போறோம்னு சொல்லிட்டேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அதை அவர் விழுங்குவதைப் பார்த்தேன். பிறகு, "எதுக்குடா போட்ட?" என்றார்.

"அக்கா ஜெயிக்கணும்னு."

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி அது. எப்போது வித்தியாசம் தெரியும் என்று கேட்டு உனக்கு எழுதிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதில் இல்லை. அன்றைக்கு ஸ்கேலை வைத்து அளந்தேன், இடப் பாதி இரண்டு விரற்கடை குட்டை. அல்வாவில் நெய் குறைந்தால் அப்பா என்ன செய்வார், இன்னொரு கரண்டி ஊற்றுவார். அப்படி நினைத்துத்தான் ஊற்றினேன். ஏழு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. 'டிஏபியைக் கிட்டே கொண்டுபோகாதே' என்ற வரியை மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் படித்தேன். இலை அதற்குள் யானைக் காது ஆகியிருந்தது. உனக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் பூவைப் பார்த்தேன், உரம் முழுக்க இலைக்கும் ஆண் பூவுக்கும் போயிருந்தது, காய்க்கிற பெண் பூ விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தது.

அப்பா அந்த நான்கு காயையும் எடுத்து ஓரமாக அடுக்கினார். பிறகு சொன்னார்: "அப்ப இது அவ ஆக்குன சமையலே இல்ல. நீ கைய வச்சுக் கெடுத்தது. இத வச்சு அவ தோத்துட்டான்னு நான் எப்படிச் சொல்றது? தைப்பட்டத்துல திரும்பப் போடுவோம். பொங்கல் லீவுக்கு வர்றால்ல, குழிக்குக் குழி அவளே போட்டுட்டுப் போகட்டும். நீ தண்ணி ஊத்துறதோட நிறுத்திக்க. எடை மே மாசம்."

"அதுவரைக்கும் அக்கா அங்கதானா?"

"பின்ன?"

எனவே அக்கா, ஜனவரியில் உன்னை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று நான் செய்த வேலையால் நீ மே மாதம் வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நீ ஜெயித்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது. மேடத்திடம் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல். மேடம், இதைப் படிக்கும்போது தயவுசெய்து அக்காவைத் திட்டாதீர்கள், பொய் சொன்னது நான். பக்கெட்டைக் காளீஸ்வரி அக்காவிடமிருந்து பிடுங்க வேண்டாம். நீ வரும்போது புதிதாக ஒன்று நானே வாங்கி வைக்கிறேன், மூடி போட்டது.

அக்கா ஜெயிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னது முக்கால்வாசி உண்மை. மீதியை அவரிடம் சொல்லவில்லை. விவசாயப் படிப்பு என்றால் நீ சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாய்.

ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன். அந்த வெள்ளைக்காரத் தம்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்கள். கொடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். மலையம்மாள் அக்கா ஆவணியிலேயே மகள் வீட்டுக்கு நாட்டரசன்கோட்டைக்குப் போய்விட்டார், வீடு பூட்டித்தான் கிடக்கிறது. தீபாவளிக்கு அப்பா கும்பகோணத்தில் சமையலில் இருந்தார். நான் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியில் தெரிந்தது என் கண் இமை மயிர். வகுப்புப் பையன்கள் யாரையும் நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டு, அவர்கள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

நீ போடச் சொன்ன நோட்டில் நீ சொல்லாத கட்டம் ஒன்றும் நானாகப் போட்டு வைத்திருந்தேன், தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் என்று. குழுக் குழுவாக, பத்துப் பேர் என்றெல்லாம் உனக்கு எழுதினேன் அல்லவா? அந்தக் கணக்கையும் திருத்திக்கொள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மொத்தம் ஒருவர். காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தடவை. ஒரு நாளும் தவறாமல் வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
அந்த ஒருவர்
பாண்டியராஜன்